தரவு மையத்திற்கு மதிப்பீடு போடுவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

முன்னுரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. போட்ட கணக்கு ஒன்று, ஆன செலவு வேறொன்று என்பதைப் பட்டறிவால் உணர்ந்த முன்னோர் சொல்லி வைத்த மொழி இது. வீட்டிற்கும் திருமணத்திற்கும் பொருந்தும் இம்மொழி, இன்றைய அறிவியல் உலகின் பெருங்கட்டடங்களாகிய தரவு மையங்களுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற பருவத்தில் எங்கள் துறை மாணவ மாணவியர் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தரவு மையத்தைக் காணச் சென்றிருந்தோம். சுற்றிக் காட்டிய பொறியாளர், "இந்தக் கட்டடத்தைக் கட்ட எவ்வளவு ஆகியிருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டார். எங்கள் வகுப்புத் தோழர் ஒருவரின் தந்தை கொத்தனார். அவர் உடனே நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கி ஒரு தொகையைச் சொன்னார். பொறியாளர் சிரித்துவிட்டு, "சதுர அடியை மறந்துவிடுங்கள். எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள்" என்றார்.

அந்த ஒரு சொல் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அதற்கு என் குடும்பத்தைச் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தரவு மையம் என்பது யாது?

நாம் வங்கியில் பணம் எடுக்கும்போதும், தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்யும்போதும், கைபேசியில் படம் பார்க்கும்போதும் நம் கையிலுள்ள கருவி தனித்து வேலை செய்வதில்லை. எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகளே அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்கின்றன. அக்கணிப்பொறிகளைச் சர்வர்கள் என்பர். ஆயிரக்கணக்கான சர்வர்களை இரும்புச் சட்டங்களில் அடுக்கி, அவற்றிற்கு இடைவிடாது மின்சாரமும் குளிர்ச்சியும் தொலைத்தொடர்பும் அளிக்கும் இடமே தரவு மையம். ஆங்கிலத்தில் இதனை டேட்டா சென்டர் என்று வழங்குகிறோம்.

கடலடிக் கம்பி வடங்கள் கரையேறும் நகரங்களுள் ஒன்றாகிய சென்னை, இத்தொழிலுக்கு ஏற்ற இடமாக விளங்குகிறது. அம்பத்தூர், சிறுசேரி முதலிய பகுதிகளில் இத்தகைய மையங்கள் எழுந்துள்ளன. தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. ஆகவே இது நமக்கு அந்நியமான பொருளன்று.

அளவுகோல் எது?

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை மீட்டரால் அளக்கிறோம். தரவு மையத்தைக் கிலோவாட்டால் அளக்கிறார்கள். ஏன்?

வீட்டில் செலவு சுவரிலும் கூரையிலும் இருக்கிறது. ஆகவே பரப்பு கூடினால் செலவு கூடும். தரவு மையத்திலோ சுவரும் கூரையும் செலவில் சிறு பகுதியே. மின்மாற்றிகள், மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். கருவிகள், மின்கலங்கள், டீசல் ஜெனரேட்டர்கள், குளிர்விக்கும் இயந்திரங்கள் ஆகியவையே பெருஞ்செலவு. இவை யாவும் எத்தனை சதுர அடிக்கு என்று வாங்கப்படுவதில்லை. எத்தனை கிலோவாட்டைத் தாங்கவேண்டும் என்று பார்த்தே வாங்கப்படுகின்றன.

மேலும், ஒரே அளவான இடத்தில் மிகக் குறைந்த மின்சாரமும் செலவாகலாம். மிக அதிகமும் செலவாகலாம். சாதாரண சர்வர்கள் நிறைந்த ஓர் இரும்பு அடுக்கு 5 முதல் 10 கிலோவாட் வரை மின்சாரம் கொள்ளும். செயற்கை நுண்ணறிவுப் பணிக்கென என்விடியா நிறுவனம் 2024-இல் அறிவித்த ஜிபி200 வகையில் 72 வரைகலைச் சில்லுகள் கொண்ட ஓர் அடுக்கோ ஏறத்தாழ 120 கிலோவாட் கொள்கிறது. இதைக் குளிர்விக்கக் காற்று போதாது. குழாய்களில் திரவம் ஓடவேண்டும். இரண்டு அடுக்குகளும் தரையில் அடைக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. சதுர அடிக் கணக்கு இங்கே எவ்வாறு உதவும்?

இதனோடு மற்றொன்றையும் சேர்க்கவேண்டும். தரவு மையம் நிற்கக்கூடாது. நான்கு ஜெனரேட்டர் தேவைப்படும் இடத்தில் ஒன்று பழுதானால் என் செய்வது? எனவே ஐந்து வாங்குகிறார்கள். இன்னும் உறுதி வேண்டும் என்போர் மின்பாதை முழுவதையும் இரட்டையாகவே அமைக்கிறார்கள். ஒரு பாதை ஓட, மற்றொன்று காத்து நிற்கும். நம்பகத்தன்மை என்பது வெறும் சொல்லன்று. அஃது இரண்டாவது ஜெனரேட்டரின் விலைச்சீட்டு.

வெப்பமும் குளிர்ச்சியும்

இயற்பியல் மாணவர்க்கு இப்பகுதி இனிக்கும். மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. மோட்டார் நீரை மேலேற்றுகிறது. கணிப்பொறி எதைத் தூக்குகிறது? ஒன்றையும் தூக்குவதில்லை. அது பெறும் மின்னாற்றல் அனைத்தும் முடிவில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஆற்றல் அழிவின்மை விதியிலிருந்து எந்தச் சர்வரும் தப்ப இயலாது.

1,000 கிலோவாட் சர்வர்கள் கொண்ட மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்பதனத் துறையில் 1 டன் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறனாகும். எனவே இம்மையத்திற்கு ஏறக்குறைய 284 டன் குளிர்பதனம் தேவை. வீடுகளில் மாட்டும் ஒன்றரை டன் கருவிகளாகச் சொன்னால் 190 கருவிகள், ஒரு நொடியும் நிற்காமல் ஓடவேண்டும். அக்கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டுமல்லவா?

இந்த மேல்செலவை அளக்க ஓர் எளிய விகிதம் உண்டு. மையம் முழுவதும் கொள்ளும் மின்சாரத்தைச் சர்வர்கள் கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது. பி.யூ.இ. என்று ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் இதனை நாம் மின்பயன் விகிதம் எனலாம். 2007-ஆம் ஆண்டு முதல் கிரீன் கிரிட் என்னும் அமைப்பு இதனைப் பரப்பியது. விகிதம் 1 என்றால் மேல்செலவே இல்லை. 2 என்றால் சர்வருக்கு ஒரு யூனிட், அதைக் காக்க மற்றொரு யூனிட்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிரைன்வில் என்னுமிடத்தில் ஃபேஸ்புக் நிறுவனம் 2011-இல் திறந்த மையம் 1.07 என்ற விகிதத்தை எட்டியது. அவ்வூரின் காற்று குளிர்ந்தது, உலர்ந்தது. குளிர்விக்கும் பெரிய இயந்திரங்கள் இல்லாமல், வெளிக்காற்றையே வடிகட்டி, நீர்த்துளியால் நனைத்து உள்ளே விட்டார்கள். ஆனால் அப்டைம் இன்ஸ்டிடியூட் 2024-இல் பல நாட்டு மையங்களிடம் கேட்டறிந்த சராசரி 1.56. வெப்பமும் ஈரமும் ஒருசேரக் கொண்ட நம் சென்னைக் காற்றில் ஓரிகன் முறையை அப்படியே கையாள இயலாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மின்கட்டணத்தின் ஒரு பகுதி முடிவாகிவிடுகிறது.

ஓர் ஆண்டுக் கணக்கு

இனி ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள விலைகள், கணக்கின் முறையை விளக்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. எந்த ஒரு மையத்தின் கணக்கும் அன்று. நிலம், வரி, வலைப்பின்னல் கருவிகள் ஆகியவற்றை எளிமைக்காக விட்டுவிட்டேன்.

சர்வர்களின் மின்தேவை 1,000 கிலோவாட். ஒரு சர்வருக்கு 500 வாட் என்றால் மொத்தம் 2,000 சர்வர்கள். கட்டடமும் மின்சாரக் குளிர்பதன அமைப்புகளும் சேர்ந்து 50 கோடி ரூபாய். ஆயுள் 15 ஆண்டு. சர்வர் ஒன்று 6 லட்சம் வீதம் 120 கோடி ரூபாய். ஆயுள் 5 ஆண்டு. மின்சாரம் யூனிட் 8 ரூபாய். மின்பயன் விகிதம் 1.6. ஊதியமும் பராமரிப்பும் ஆண்டுக்கு 3 கோடி. வட்டி நூற்றுக்குப் பத்து.

முதலில் மின்சாரம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சர்வர்களுக்கு 87,60,000 யூனிட். அதனை 1.6 ஆல் பெருக்க 1,40,16,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் வீதம் ஏறத்தாழ 11.21 கோடி ரூபாய்.

அடுத்து முதலீடு. 120 கோடியை 5-ஆல் வகுத்து ஆண்டுக்கு 24 கோடி என்று எழுதிவிடலாமா? கூடாது. கடன் வாங்கிய பணத்திற்கு வட்டி உண்டு. சொந்தப் பணமாயினும் அதை வேறிடத்தில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். ஆகவே, அசலும் வட்டியும் சேர்ந்து ஆண்டுதோறும் சமமாகக் கட்டும் தவணையைக் கணக்கிடவேண்டும். அவ்வாறு கணக்கிட்டால்,

சர்வர்கள் - 31.66 கோடி
மின்சாரம் - 11.21 கோடி
கட்டடமும் மின், குளிர்பதன அமைப்பும் - 6.57 கோடி
ஊதியம், பராமரிப்பு - 3.00 கோடி
ஆக மொத்தம் - 52.44 கோடி ரூபாய்.

நூற்றுக்கு இவ்வளவு என்று பார்த்தால் சர்வர்கள் 60, மின்சாரம் 21, கட்டடமும் அமைப்புகளும் 13, மற்றவை 6. சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் கட்டடமே செலவில் சிறியது!

இம்முறை சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சான்று உண்டு. அமேசான் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 2010-ஆம் ஆண்டில் பெரிய மையம் ஒன்றின் மாதச் செலவைப் பிரித்துக் காட்டினார். சர்வர்கள் 57 விழுக்காடு, வலைப்பின்னல் கருவிகள் 8, மின்பகிர்மானமும் குளிர்பதனமும் 18, மின்கட்டணம் 13, எஞ்சிய கட்டுமானம் 4. அவர் கணக்கில் மின்சாரம் யூனிட்டுக்கு 7 சென்ட் என்னும் மலிவு விலையில் வந்தது, விகிதமும் 1.45 தான். ஆகவே மின்கட்டணப் பங்கு அங்கே குறைந்தது. எனினும் வரிசையில் முதலிடம் இரண்டு கணக்கிலும் சர்வருக்கே.

சிக்கனம் எங்கே?

கட்டும்போது மிச்சம் பிடிப்பதே சிக்கனம் என்று நாம் எண்ணுகிறோம். அதனையும் சோதித்துப் பார்ப்போம். நல்ல குளிர்பதன அமைப்பை நிறுவி மின்பயன் விகிதத்தை 1.6-லிருந்து 1.3-ஆகக் குறைத்தால் ஆண்டு மின்கட்டணம் 9.11 கோடியாகும். மிச்சம் 2.10 கோடி. இம்மிச்சம் 15 ஆண்டுகளுக்குத் தொடர்ந்தால், அதே நூற்றுக்குப் பத்து வட்டியில் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 16 கோடி. அதாவது, கட்டும்போது 50 கோடிக்குப் பதில் 60 கோடி செலவிட்டாலும் இறுதியில் இலாபமே. மலிவாகக் கட்டியவர், மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டில் அதற்கு அபராதம் செலுத்துகிறார்.

ஆயுள் என்னும் ஊகம்

நிற்க. மேற்கண்ட கணக்கில் சர்வருக்கு 5 ஆண்டு ஆயுள் என்று வைத்தோம். 4 ஆண்டு என்று வைத்தால் ஆண்டுத் தவணை 37.86 கோடியாக ஏறும். 6 ஆண்டு என்றால் 27.55 கோடியாக இறங்கும். இரண்டிற்கும் வேறுபாடு 10 கோடிக்கு மேல். ஓராண்டு மின்கட்டணம் முழுவதற்கும் ஏறக்குறைய ஈடான தொகை, ஒரேயொரு ஊகத்தில் ஒளிந்திருக்கிறது!

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. கூகுளின் தாய் நிறுவனமாகிய ஆல்ஃபபெட், தன் சர்வர்களின் ஆயுளை 2021-இல் 3 ஆண்டிலிருந்து 4 ஆண்டாகவும், 2023-இல் 6 ஆண்டாகவும் உயர்த்தி எழுதியது. வலைப்பின்னல் கருவிகள் சிலவற்றின் ஆயுளையும் நீட்டியது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் இதனால் தேய்மானச் செலவு ஏறத்தாழ 390 கோடி டாலர் குறைந்தது. ஒரு சர்வரும் புதிதாக வாங்கப்படவில்லை. ஒரு யூனிட்டும் மிச்சமாகவில்லை. ஏட்டில் எழுதிய ஆண்டு மாறியது, அவ்வளவே. மறுபுறம், அமேசான் நிறுவனம் 2024-இல் 6 ஆண்டாக உயர்த்திய ஆயுளை, 2025 முதல் தன் கருவிகளில் ஒரு பகுதிக்கு மீண்டும் 5 ஆண்டாகக் குறைத்தது. செயற்கை நுண்ணறிவின் வேகத்தில் கருவிகள் விரைவில் பழமையாகிவிடுகின்றன என்பதை அதற்குக் காரணமாகக் காட்டியது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு மதிப்பீட்டைப் படிக்கும்போது தொகையை முதலில் பார்க்கக்கூடாது. எத்தனை ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள் என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

எங்கள் மாவு மில்

இனி நான் முன்னர்க் குறிப்பிட்ட காரணத்திற்கு வருகிறேன். நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது என் தந்தை கடன் வாங்கி எங்கள் ஊரில் ஒரு மாவு மில் வைத்தார். அதற்கு முன் அவர் வேறொருவர் மில்லில் இயந்திரம் ஓட்டியவர். தொழில் நன்கு தெரிந்தவர். ஒரு நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் எழுதிய மதிப்பீடு எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. அரைக்கும் இயந்திரம், 10 குதிரைத்திறன் மோட்டார், தகரக் கொட்டகை, மின் இணைப்பு வைப்புத்தொகை, தட்டுத் தராசு, மொத்தம் இவ்வளவு என்று கீழே கோடிட்டிருக்கிறார். எழுதிய பொருள்களில் ஒன்றின் விலைகூடத் தவறவில்லை.

தவறியது எழுதாதவற்றில். பெல்ட் அறும், கல் தேயும், கொத்தவேண்டும், கடனுக்கு வட்டி ஓடும். இவற்றைவிடப் பெரியது ஒன்று. மில்லுக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மின் இணைப்பின் நிலைக்கட்டணம் வரும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் என்று நினைத்த மோட்டார், பொட்டலத்தில் மாவு விற்கத் தொடங்கிய பிறகு இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. நான்காம் ஆண்டில் மில்லை மூடினோம். இயந்திரம் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் போயிற்று. கடன் அதற்குப் பின்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தக் கடன் இன்னும் ஓராண்டு நீண்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் வாய்ப்பு எனக்கு இருந்திராது.

மேலே கண்ட தரவு மையக் கணக்கை முடித்து, விடுமுறையில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கோடிகளைக் கேட்டு அவர் வியப்படையவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்மா, மிஷின் சும்மா நிக்கிற நேரத்தை இதுல எங்க எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

நான் எழுதவில்லை. எல்லாச் சர்வர்களும் எப்போதும் வேலை செய்வதாகவே கணக்குப் போட்டிருந்தேன்.

சும்மா நிற்கும் நேரம்

அன்றிரவே கணக்கைத் திருத்தினேன். முதற் கணக்கின்படி 52.44 கோடியை 2,000 சர்வர்களுக்கும் 8,760 மணிக்கும் பங்கிட்டால், ஒரு சர்வர் ஒரு மணி நேரம் வேலை செய்ய ஏறத்தாழ 30 ரூபாய் செலவு. இப்பொழுது பாதிச் சர்வர்களுக்கே வேலை இருக்கிறது என்று கொள்வோம்.

வேலை பாதியானால் செலவும் பாதியாகுமா? தவணை குறையாது, ஊதியம் குறையாது. மின்சாரமாவது பாதியாகுமா என்றால் அதுவும் இல்லை. கூகுளில் பணியாற்றிய லூயிஸ் பரோசோ, உர்ஸ் ஹோல்சலே ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையின்றி நிற்கும் சர்வரும் முழு வேலையின்போது கொள்ளும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொள்கிறது என்று காட்டினர். பின்வந்த சர்வர்கள் இதில் மேம்பட்டுள்ளன எனினும், சும்மா நிற்பது இலவசமன்று. அவர்கள் கூறிய பாதியையே கொண்டால் மின்கட்டணம் 8.41 கோடியாகிறது. மொத்தச் செலவு 49.64 கோடி. வேலையில் பாதி போயிற்று. செலவில் குறைந்தது 3 கோடிக்கும் கீழே! வேலை செய்யும் 1,000 சர்வர்களுக்கு இதனைப் பங்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 57 ரூபாய். முப்பது ரூபாய்ச் சரக்கின் அடக்கவிலை ஐம்பத்தேழு ஆயிற்று.

குளிர்பதனத்தில் அரும்பாடுபட்டு மிச்சம் பிடித்த 2.10 கோடி இதற்கு முன் எம்மாத்திரம்? ஆகவேதான் அறிந்தோர் மையத்தை ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. நிலத்தையும் மின் இணைப்பையும் முழு அளவிற்குத் திட்டமிட்டு, கூடங்களையும் ஜெனரேட்டர்களையும் சர்வர்களையும் தேவை வர வரப் பகுதி பகுதியாகச் சேர்க்கிறார்கள். ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறைக்கும் இதுவே பொருளாதார அடிப்படை. ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றொருவர் வேலை அதே சர்வரில் ஓடும்.

ரூபாயில் அடங்காதவை

மதிப்பீட்டில் எழுதப்படாதவற்றையும் ஒரு சொல் கூறவேண்டும். குளிர்விக்க நீரை ஆவியாக்கும் முறை பல இடங்களில் உள்ளது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தைக் கொள்கிறது. நம் 1,000 கிலோவாட் மையத்தின் வெப்பம் முழுவதையும் இவ்வாறே அகற்றினால் மணிக்கு ஏறக்குறைய 1,500 லிட்டர், நாளொன்றுக்கு 35,000 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட மூன்று லாரி. தண்ணீருக்கு விலை மலிவாக இருக்கலாம். ஆனால் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரம் குடத்தோடு வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. விலை மலிவாக உள்ளதாலேயே ஒரு பொருளின் மதிப்பும் மலிவாகிவிடாது.

மின்சாரமும் அவ்வாறே. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரம் கொண்டன. இஃது உலக மின்நுகர்வில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு. அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டிலேயே இப்பங்கு 4.4 விழுக்காட்டை எட்டியதாக லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் மதிப்பிட்டது. ஒரு மையத்தின் மதிப்பீட்டில் ஒரு வரியாக நிற்கும் மின்கட்டணம், நாட்டின் கணக்கில் ஒரு மின்நிலையமாக நிற்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கட்டும் விலை வேறு, காலமெல்லாம் ஆகும் செலவு வேறு என்பது விளங்கும். எந்த மதிப்பீட்டையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். எத்தனை கிலோவாட்? எத்தனை ஆண்டு? எத்தனை மணி நேரம் உண்மையில் வேலை இருக்கும்? முதற் கேள்விக்குப் பொறியாளர் விடை சொல்வார்; இரண்டாவதற்குக் கணக்கர் சொல்வார். மூன்றாவது கேள்வியைக் கேட்க மறப்பவர், எங்கள் மாவு மில்லாயினும் கோடிக்கணக்கான ரூபாய்த் தரவு மையமாயினும், ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் சித்தப்பா, கடன் வாங்கி மோட்டாரில் ஓடும் மரச்செக்கு இரண்டு வைக்கப்போவதாகச் சொன்னார். நானும் அப்பாவும் அவரோடு உட்கார்ந்து இம்மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி விடை போட்டோம். மூன்றாவது கேள்விக்கு வந்தபோது சித்தப்பா நெடுநேரம் யோசித்தார். பிறகு இரண்டு செக்குக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வாங்கினார். கொட்டகையில் மற்றொன்றுக்கு இடம் விட்டிருக்கிறார்.

அந்தத் தாளின் கணக்கை எழுதியது நான். ஆனால் நிலைக்கட்டணத்திற்கு ஒரு வரி விட்டு எழுதச் சொன்னவர் அப்பா. வகுப்பறையில் கற்ற வாய்பாடும், தோற்ற தொழிலில் கற்ற பாடமும் ஒரே தாளில் சேரும்போதுதான் மதிப்பீடு முழுமை பெறுகிறது.